‘அஞ்சு எம்எல்’ எந்தப் பாட்டிலில்?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எங்களுக்குத் தக்கலைப் பக்கம் வீடு. மகனுக்கு 6 வயது, 18 கிலோ. மகளுக்கு 2 வயது 3 மாதம், போன மாசம் அங்கன்வாடியில் எடை பார்த்தபோது 11 கிலோ இருந்தாள். பத்து நாளுக்கு முன்னால் மழை விடாமல் பெய்த அன்று சாயந்திரம் இவளுக்கு மேல் கொதித்தது. தெர்மாமீட்டரில் 102.6. வீட்டில் மகனுக்கு வாங்கிய காய்ச்சல் சிரப் இருந்தது. அவனுக்கு 5 எம்எல் என்று எழுதியிருந்தார்கள். இவளுக்கும் முன்பு ஒருதடவை 5 எம்எல் என்றுதான் எழுதினார்கள். அதனால் 7 மணிக்கு 5 எம்எல் கொடுத்தேன். நான் கொடுத்தது தெரியாமல் 8 மணிக்கு மாமியும், கைப்பிள்ளையாக இருந்தபோது வாங்கி வைத்த ட்ராப்ஸில் ஒரு பில்லர் (பாட்டிலோடு வரும் சொட்டுக் குழாய்) கொடுத்துவிட்டார்கள். பிறகு 11 மணிக்கு ஒரு 5 எம்எல், விடியக்காலம் 4 மணிக்கு ஒரு 5 எம்எல். காலையில்தான் பாட்டிலில் 250 என்று இருப்பதைக் கவனித்தேன். இவளுக்கு முன்பு எழுதியது 125. காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டது, இப்போது நல்லா ஓடி விளையாடுகிறாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. கேடு ஏதும் வருமா? இனி எப்படிக் கணக்குப் பார்ப்பது? மஸ்கட்டில் இருந்து அவர் கொண்டுவந்த பாட்டில் ஒன்றும் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா? காய்ச்சல் இறங்காவிட்டால் மெஃப்தால் மாற்றிக் கொடு என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள், சரியா? தூங்குகிற பிள்ளையை எழுப்பி மருந்து கொடுக்க வேண்டுமா? தங்கைக்கு அடுத்த மாசம் பிரசவம். அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டபின் என்ன கொடுப்பது என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு இரவால் உங்கள் மகளுக்கு இனி எந்தக் கேடும் வராது. எதனால் இதை உறுதியாகச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி இருக்கிறது. 7 மணி, 11 மணி, 4 மணி என்று மூன்று தடவை 250 மி.கி., நடுவில் மாமி கொடுத்த ஒரு மி.லி. ட்ராப்ஸில் 100 மி.கி. ஆக மொத்தம் 850 மி.கி. பாராசிட்டமால். 11 கிலோ பிள்ளைக்கு இது கிலோவுக்கு 77 மி.கி. ஒரு நாளைக்கு நாங்கள் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 60. எல்லையைத் தாண்டியது உண்மை. ஆனால் ஈரலைக் கெடுக்கும் அளவு என்று நாங்கள் அஞ்சுவது, ஒரே நேரத்தில் கிலோவுக்கு 150 மி.கி. அல்லது அதற்கு மேல் உள்ளே போவதையும், கூடுதல் அளவு நாள்கணக்கில் தொடர்வதையும்தான். ஈரலில் கேடு விழுந்திருந்தால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் காட்டிக்கொடுத்திருக்கும்: ஓயாத வாந்தி, சாப்பாட்டைத் தொடாமை, வலது விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் மஞ்சள், அளவுக்கு மீறிய மயக்கம். பத்து நாள் கழிந்து ஓடி விளையாடும் பிள்ளைக்கு இப்போது ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை.

இதே கணக்கு மூன்று நாள் ஓடியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். 250 சிரப்பில் 5 மி.லி. வீதம் நாளைக்கு நான்கு வேளை என்றால் 1000 மி.கி., அதாவது கிலோவுக்கு 90 மி.கி.க்கும் மேல். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை சரியாகச் சாப்பிடாது. பாராசிட்டமாலின் ஒரு சிறு பங்கு ஈரலில் நச்சுப்பொருளாக மாறும். அதை முறிக்க ஈரலில் குளுடாதயோன் என்ற சேமிப்பு உண்டு. பட்டினி கிடக்கும் உடம்பில் அந்தச் சேமிப்பு கரைந்து போயிருக்கும். நல்ல உடம்பு தாங்கும் அளவை, நான்கு நாள் கஞ்சி கூட இறங்காத உடம்பு தாங்காது. அதனால்தான் இந்தக் கணக்கைச் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

தவறு உங்கள் கையில் நடக்கவில்லை, ‘5 எம்எல்’ என்ற சொல்லில் நடந்தது. மி.லி. என்பது தண்ணீரின் அளவு. அதற்குள் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். உங்கள் வீட்டு மேசையில் இப்போது இருக்கும் பாட்டில்களையே எடுத்துப் பாருங்கள். ட்ராப்ஸ் பாட்டிலில் ‘1 மி.லி.யில் 100 மி.கி.’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். மகளுக்கு முன்பு எழுதிய சிரப்பில் ‘5 மி.லி.யில் 125 மி.கி.’, சில கம்பெனிகளில் 120. மகனுடையதில் ‘5 மி.லி.யில் 250 மி.கி.’ உங்கள் மகளுக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. மருந்து சரியான அளவு. அந்த 150-ஐக் கொடுக்க ட்ராப்ஸ் என்றால் ஒன்றரை மி.லி. போதும், 250 சிரப் என்றால் 3 மி.லி., 125 சிரப் என்றால் 6 மி.லி. மூன்றும் ஒரே மருந்து, ஒரே வேளை. மாற்றிப் பாருங்கள்: ‘5 மி.லி.’ என்பதை மட்டும் நினைவில் வைத்து ட்ராப்ஸில் கொடுத்தால் 500 மி.கி. போய்விடும். பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை அது.

மகனுக்கு 250 சிரப்பில் 5 மி.லி. என்று எழுதியதும் சரி, மகளுக்கு 125-இல் 5 மி.லி. என்று எழுதியதும் சரி. இரண்டு சரிகள் ஒரே எண்ணில் வந்து நின்றதால் வந்த குழப்பம் இது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

இனிக் கணக்கு. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, எடை ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வயதை வைத்துப் பார்க்காதீர்கள். ஒரே இரண்டு வயதில் 9 கிலோ பிள்ளையும் உண்டு, 14 கிலோ பிள்ளையும் உண்டு. ஒவ்வொரு தடவையும் பெருக்கி வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காகச் சுருக்க வழி தருகிறேன். 250 சிரப் என்றால் எடையை 0.3-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் ஒரு வேளைக்கு உச்ச மி.லி. உங்கள் மகளுக்கு 11 பெருக்கல் 0.3, அதாவது 3.3. அதைத் தாண்டக் கூடாது, 3 கொடுக்கலாம். 125 அல்லது 120 சிரப் என்றால் 0.6-ஆல் பெருக்குங்கள்: 6.6 உச்சம், 6 கொடுக்கலாம். ட்ராப்ஸ் என்றால் 0.15: 1.65 உச்சம், ஒன்றரை கொடுக்கலாம். கீழ் எல்லை இந்த உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மகனுக்கு 18 பெருக்கல் 0.3 என்றால் 5.4 வருகிறது, எனவே அவனுடைய 5 மி.லி. மாறவேண்டியதில்லை.

எடை பழையதாக இருந்தால் கணக்கும் பழையதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பார்த்துத் தாய் சேய் நல அட்டையிலேயே குறித்து வையுங்கள். வீட்டில் நின்று பார்க்கும் எடை மெஷின் இருந்தால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருதடவை, தனியாக ஒருதடவை ஏறிக் கழித்துக்கொள்ளலாம். அரை கிலோ முன்பின் வந்தால் பாதகமில்லை. வயதுக்கு மிகக் குண்டான பிள்ளைக்கும், மிக மெலிந்த பிள்ளைக்கும், ஈரல் நோய் உள்ள பிள்ளைக்கும், வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் இந்தச் சுருக்க வழி வேண்டாம், டாக்டர் அளவு சொல்லட்டும். பள்ளிக்கூடம் போகும் 30 கிலோ பிள்ளைக்குக் கூட 650 மாத்திரை அதிகம். அவனுக்கு வேண்டியது 300 முதல் 450 மி.கி.

அளக்கும் விதம் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், கணக்கு சரியாக வந்தபின்னும் கெடுவது இங்கேதான். அடுக்களை ஸ்பூன் வேண்டவே வேண்டாம். காபி ஸ்பூன் ஒரு அளவு, பாயசம் சாப்பிடும் ஸ்பூன் ஒரு அளவு. பாட்டிலோடு வரும் அளவு மூடி 5, 10 மி.லி.க்குச் சரி. ஆனால் அதில் 3 மி.லி.க்குக் கோடு இராது, கண்மதிப்பில் ஊற்றினால் 4 ஆகிவிடும். மெடிக்கலில் 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்குங்கள். ஊசி வேண்டாம், வந்தாலும் கழற்றி எறிந்துவிடுங்கள். நுனியில் சின்ன மூடி இருந்தால் அதையும் எறியுங்கள், பிள்ளையின் தொண்டைக்குள் போகக்கூடியது. இன்சுலின் சிரிஞ்ச் வாங்காதீர்கள். அதில் இருப்பது யூனிட் கணக்கு, மி.லி. அல்ல.

பாட்டிலை முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். இந்த மருந்துகளில் பல, தண்ணீரில் முழுதாகக் கரையாமல் மிதக்கும் தூள். சும்மா நின்றால் கீழே படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் பத்து நாள் மேலே உள்ள தண்ணீரும், கடைசியில் அடியில் உள்ள கெட்டி மருந்தும் போகும். குலுக்கியபின் அளவு மூடியில் கொஞ்சம் ஊற்றி, அதிலிருந்து சிரிஞ்சில் இழுங்கள். காற்றுக் குமிழி இருந்தால் தள்ளிவிட்டு, கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு 3-ஆம் கோட்டில் நிற்கிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிள்ளையை மல்லாக்கக் கிடத்தாமல், மடியில் சற்றுச் சாய்த்து உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்துத் தொண்டையில் ஊற்றினால் புரையேறும். பால் பாட்டிலில் கலக்க வேண்டாம். பாதிப் பாலோடு தள்ளிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கொடுத்து அரை மணி நேரத்துக்குள் முழுதும் வாந்தி எடுத்துவிட்டால் அதே அளவை ஒருதடவை மட்டும் திரும்பக் கொடுக்கலாம். அரை மணி கழித்து எடுத்தால் மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது என்று விட்டுவிடுங்கள்.

மாமி கொடுத்த பில்லரைப் பற்றி. அவர் பாசத்தில் கொடுத்தது, அவர்மேல் வருத்தப்படாதீர்கள். ஆனால் அந்த ட்ராப்ஸ் பாட்டில் இரண்டு வருஷம் முன்பு திறந்தது. காலாவதித் தேதி இன்னும் வராவிட்டாலும், திறந்த பாட்டிலை லேபிளில் சொன்ன நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. லேபிளில் எதுவும் சொல்லவில்லை என்றால் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒரு பாட்டிலின் பில்லரை வேறு பாட்டிலுக்குப் போடக் கூடாது, அதிலுள்ள கோடு அந்தந்த மருந்துக்கு உரியது. சொட்டு எண்ணிக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். மருந்துக்கு மருந்து சொட்டின் அளவு மாறும்.

இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 6 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. எப்படிப் பார்த்தாலும் 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் இல்லை. கூட்டுக் குடும்பத்தில் இதை யாருடைய ஞாபகத்திலும் விடாதீர்கள். ஃபிரிட்ஜ் கதவிலோ காலண்டரிலோ ஒரு துண்டுத் தாளைக் குத்தி, மணி, எந்தப் பாட்டில், எத்தனை மி.லி., கொடுத்தது யார் என்று நான்கு சொல்லில் எழுதுங்கள். தாளில் எழுதாமல் யாரும் மருந்து கொடுப்பதில்லை என்று வீட்டில் ஒரு பேச்சு வைத்துக்கொண்டால், 8 மணிப் பில்லர் நடந்திருக்காது. ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

‘காய்ச்சல் இறங்கவில்லை’ என்று நீங்கள் 11 மணிக்கே அடுத்த வேளை கொடுத்ததைப் பற்றியும் பேச வேண்டும். மருந்து வேலையைத் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். முழுப் பலன் தெரிய இரண்டு, மூன்று மணி. 102.6 இருந்த பிள்ளை 100.8-க்கு வந்து, கண்ணைத் திறந்து பார்த்து, இரண்டு மடக்குக் கஞ்சி வெள்ளம் குடித்தால் மருந்து வேலை செய்துவிட்டது என்று பொருள். 98.6-க்கு வரவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். நோயை இந்த மருந்து குணப்படுத்துவதில்லை, உடம்பு நோயோடு போராடும்போது படும் அவதியைத்தான் குறைக்கிறது. 101 இருந்தும் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தால் மருந்தே தேவையில்லை. 100.4-க்கு மேல் இருந்தால்தான் காய்ச்சல் என்றே கணக்கு. அதை நெற்றியில் கைவைத்துப் பார்க்காமல், ஈரம் துடைத்த அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்து, ஒலி வரும்வரை பொறுத்துப் பாருங்கள். கம்பளி போர்த்திய பிள்ளைக்குக் கொஞ்சம் கூடித்தான் காட்டும். பனிக்கட்டித் தண்ணீரும், ஸ்பிரிட்டும், விக்ஸ் பூசுவதும் வேண்டாம். மெல்லிய சட்டை, காற்றோட்டம், அடிக்கடி இளநீர், கஞ்சி வெள்ளம், ஓஆர்எஸ், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பால். இவைதான் பாதி வைத்தியம்.

அளவு கூடுவதை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஒரு பக்கம்தான் சொன்னதாகும். குறைத்துக் கொடுப்பதும் இங்கே சகஜம். ‘சின்னப் பிள்ளை, பாவம்’ என்று 14 கிலோ பிள்ளைக்கு 125 சிரப்பில் இரண்டரை மி.லி. கொடுப்பார்கள். கிலோவுக்கு 5 மி.கி. கூட வராது. காய்ச்சல் அசையாது. ‘சிரப் கேட்கவில்லை, ஊசி போடுங்கள்’ என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது 7 மி.லி. சிரப், ஊசி அல்ல. காதுவலிக்கும் பல்வலிக்கும் அடிபட்டதற்கும் இதே அளவுதான். வலிக்கென்று தனி அளவு கிடையாது. மகனுக்கு ராத்திரியில் காது வலித்தால் அவனுடைய 5 மி.லி.யைக் கொடுத்துவிட்டுக் காலையில் காட்டுங்கள். சூடான எண்ணெய் காதுக்குள் போக வேண்டாம்.

அடுத்தது மெஃப்தால். அதில் இருப்பது மெஃபெனமிக் ஆசிட். இபுபுரோஃபெனும் அதே குடும்பம். இரண்டும் காய்ச்சலைச் சடாரென்று இறக்கும், அதனால்தான் அக்கம்பக்கத்தில் அதற்கு இவ்வளவு நல்ல பெயர். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டையிலும் கப்பிலும் தேங்கும் தண்ணீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில். மழைக்காலத்தில் வரும் காய்ச்சலை முதல் இரண்டு மூன்று நாளில் டெங்கு இல்லை என்று யாராலும் பார்த்தவுடன் சொல்ல முடியாது. டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். இந்த மருந்துகள் தட்டணுக்களின் வேலையையும் தடுக்கும், வயிற்றின் உள்தோலையும் அரிக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு. உடம்பில் நீர் வற்றிய பிள்ளைக்குச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். எனவே டாக்டர் பார்த்து எழுதாமல் இந்த இரண்டும் வேண்டாம். அம்மைக் காய்ச்சலிலும் வேண்டாம். 6 மாதத்துக்குக் கீழே அறவே வேண்டாம். டாக்டர் எழுதினால் ஏதாவது சாப்பிட்டபின் கொடுங்கள். மெஃபெனமிக் ஆசிட் அளவு மீறினால் வலிப்பே வரக்கூடும். அபூர்வமாக, கொடுத்துச் சில வாரம் கழித்துக்கூட உடம்பெல்லாம் தடிப்பும் காய்ச்சலும் நெறிக்கட்டும் வரலாம் என்று 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. முன்பு எப்போதோ எழுதிய சீட்டைக் காட்டி இதை வாங்காதீர்கள்.

பாராசிட்டமாலையும் இபுபுரோஃபெனையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதில் இன்னொரு கஷ்டம், இரண்டுக்கும் இடைவெளி வேறு. ஒன்றுக்கு 4 முதல் 6 மணி, மற்றதற்கு 6 முதல் 8 மணி. நடுராத்திரித் தூக்கக் கலக்கத்தில் இரண்டு கடிகாரத்தை யாராலும் ஓட்ட முடியாது. இரண்டும் ஒரே பாட்டிலில் கலந்தும் விற்கிறது. அதைக் கொடுத்துவிட்டு மேலே தனியாக பாராசிட்டமாலும் கொடுத்தால் இரட்டை அளவு. சளிக்கென்று வாங்கும் பல சிரப்புகளிலும் பாராசிட்டமால் மறைந்திருக்கும், லேபிளில் உள்ள மருந்துப் பெயரை ஒருதடவை படித்துப் பாருங்கள். சளி, இருமல் சிரப்பைப் பற்றிச் சொன்னதால் இதையும்: 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதையொட்டி மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம், 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவோ விற்கவோ கூடாது என்றும், 5 வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் அறிவுறுத்தியது. உங்கள் மகளுக்கு இப்போது அது வேண்டியதில்லை.

நிமிசுலைடு என்ற மருந்து 12 வயதுக்குக் கீழே 2011 முதல் நம் நாட்டில் தடை. ஆஸ்பிரின், அதாவது பெரியவர்கள் தலைவலிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் டிஸ்பிரின் வகை, பிள்ளைகளின் காய்ச்சலுக்கு ஒருபோதும் கூடாது. வைரஸ் காய்ச்சலோடு சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் ஒன்றாகத் தாக்கும் ரேய் நோய்க்கு அது வழிவிடும். பெட்டிக்கடை மாத்திரையை உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பதை நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், அது எந்த மாத்திரை என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

மஸ்கட் பாட்டிலைக் கொடுக்கலாம், லேபிளைப் படிக்க முடிந்தால். பெயர் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. பாராசிட்டமால் என்று இருக்கிறதா, 5 மி.லி.யில் எத்தனை மி.கி., திறந்து எவ்வளவு நாள், தேதி தாண்டவில்லையா என்று மட்டும் பாருங்கள். அங்கே கிடைப்பவற்றிலும் 120, 125, 250 என்று பல உண்டு. அமெரிக்காவில் இருந்து யாராவது கொண்டுவந்தால் பெயர் அசிட்டமினோஃபென் என்று இருக்கும், அதே மருந்துதான், ஆனால் 5 மி.லி.யில் 160 மி.கி. இபுபுரோஃபென் என்று இருந்தால் மேலே சொன்னது பொருந்தும். லேபிள் அழிந்திருந்தாலோ, அரபியில் மட்டும் இருந்து உங்களால் படிக்க முடியாவிட்டாலோ கொட்டிவிடுங்கள். 40, 50 ரூபாய் சிரப்புக்காக இந்தச் சந்தேகம் வேண்டாம். களியக்காவிளை தாண்டி பாறசாலையிலோ திருவனந்தபுரத்திலோ காட்டிவிட்டு இங்கே வந்து மருந்து வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். எழுதிய பெயர் இங்கே இல்லை என்று கடைக்காரர் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால், ‘அது எழுதியது 125-ஆ 250-ஆ, இது எத்தனை, அப்படியானால் எத்தனை எம்எல்?’ என்று கேளுங்கள். நல்ல மருந்தாளுநர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார்.

தூங்கும் பிள்ளையை மருந்துக்காக எழுப்ப வேண்டியதில்லை. நிம்மதியாகத் தூங்கினால் அதைவிட மருந்து எது. காய்ச்சல் வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்துதான் பலரும் எழுப்புகிறார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வருவதுண்டு. ஆனால் நேரம் தவறாமல் பாராசிட்டமால் கொடுத்தாலும் அதைத் தடுக்க முடிவதில்லை என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. வந்தால் ஒருச்சாய்த்துக் கிடத்துங்கள், வாயில் ஸ்பூனோ மருந்தோ தண்ணீரோ வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷத்தில் நிற்கவில்லை என்றால் 108. நின்றாலும் முதல்தடவை என்றால் அன்றே காட்ட வேண்டும்.

வேறு எப்போது தாமதிக்கக் கூடாது? மூச்சு வேகமாகவோ விலா குழியும்படியோ இருந்தால், 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், காய்ச்சல் இறங்கியபின்னும் சோர்ந்து துவண்டு கிடந்தால், எதைக் குடித்தாலும் வாந்தி என்றால், கழுத்து விறைத்தால், அமுக்கினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் நின்றால். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் விடும்போதுதான் தொடங்குகிறது. மேல் குளிர்ந்துவிட்டது என்று மூச்சு விடும் அந்த நாளில் வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் தக்கலையோ குழித்துறையோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாருங்கள், முடிந்தால் நேரே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே.

இனி ஒரு நாள் அளவு மிகவே கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிப்பான சிரப், பிள்ளைகள் தாங்களே குடித்துவிடுவதும் உண்டு. 250 சிரப் 60 மி.லி. பாட்டில் ஒன்றில் 3000 மி.கி. இருக்கிறது. உங்கள் மகள் அதைக் குடித்தால் கிலோவுக்கு 270 மி.கி., அது ஈரலைக் கெடுக்கும் அளவு. உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரல்விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பிள்ளை நல்லாத்தானே இருக்கிறாள் என்று வீட்டில் உட்காராதீர்கள், முதல் நாள் நல்லாத்தான் இருக்கும். பாட்டிலையும் மூடியையும் எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்குக் குடித்தாள் என்பதைக் குறித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து இருக்கிறது. குடித்த 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஈரலை ஏறக்குறைய முழுதாகக் காப்பாற்றிவிடும். அதனால் பாட்டிலை ஜன்னல் படியில் வைக்காமல், எட்டாத அலமாரியில் மூடி இறுக்கி வையுங்கள். ‘மிட்டாய் மருந்து’ என்று சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம்.

தங்கையின் பிள்ளைக்கு: 6-ஆம் வாரத் தடுப்பூசிக்கு முன்னால் எதுவும் கொடுக்க வேண்டாம். போட்டபின் காய்ச்சலோ, தொட்டாலே அழும் வலியோ வந்தால் மட்டும் ட்ராப்ஸ். அந்த வயதில் பிள்ளை நாலரை கிலோ இருந்தால் 0.5 முதல் 0.6 மி.லி., 1 மி.லி. சிரிஞ்சில் அளந்து. பெரியவர்கள் மாத்திரையில் கால் துண்டு என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். 500 மாத்திரையில் கால் என்றால் 125 மி.கி., நாலரை கிலோவுக்கு அது இரண்டு வேளை மருந்து. தடுப்பூசி போட்ட ஓரிரு நாளில் வரும் காய்ச்சலைத் தவிர, 3 மாதத்துக்குக் கீழே எந்த நாளில் 100.4 வந்தாலும் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஊசி போட்டபின் வந்த காய்ச்சல் என்றாலும், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் அப்போதும் அப்படித்தான்.